மிச்சம் தின்னப் போன தங்கச்சி எழுதுவது

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரின் சமையலைத் தேடிக் காரில் போய்வந்து படங்கள் போட்டிருந்தேன். நேற்று நம் அட்லாண்டா தமிழர் குரூப்பில் அந்தப் படங்களுக்குக் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் தேட வேண்டாம், அட்மின் நீக்கிவிட்டார். அந்தக் கமென்டை மட்டுமில்லை, என் பதிவையும் சேர்த்து. ரொம்ப நடுநிலை.

"என்ன தங்கச்சி, அடிமைங்க தின்ன மிச்சத்தைத் தின்னவா நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் கார் ஓட்டினீங்க?" குரூப்பில் ஒரு அண்ணன் கேட்டது இதுதான். கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். சிரித்தவர்களில் பாதிப் பேர் என் வீட்டில் கை நனைத்தவர்கள்.

சரி, கேட்டதற்குப் பதில். சோல் ஃபுட், அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாரம்பரியச் சாப்பாடு, மிச்சம் இல்லை அண்ணா, சமையல். தோட்ட முதலாளி நல்ல கறியை எடுத்துக்கொண்டு காலையும் குடலையும் கழுத்தையும் தள்ளிவிட்டது உண்மைதான். ஆனால் தட்டில் அது மட்டுமா இருக்கிறது? வெண்டைக்காயும் தட்டப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. தென் கரோலைனாவின் நெல் வயல்கள், நெல் விவசாயம் தெரிந்த மேற்கு ஆப்பிரிக்கர்களின் உழைப்பில் உருவானவை. முதலாளி வீட்டு அடுப்படியில் நின்று வெந்ததும் அவர்கள்தான். தென்மாநிலச் சாப்பாடு என்று ஊரே பெருமையாகச் சொல்கிறதே, அதில் பெரும்பகுதி அவர்கள் கைப்பக்குவம். சமைத்தவளை விட்டுவிட்டு மிச்சம் என்கிறீர்கள்.

நீங்கள் சிரித்த அந்தப் படம் மிசிசிப்பியில், ஜாக்சனில் எடுத்தது. சின்னக் கடை. ஒரு கறி, மூன்று தொடுகறி என்று கணக்கு. மக்ரோனி சீஸையும் காய்கறிப் பட்டியலில்தான் எழுதியிருந்தார்கள், அதற்கு நானும் சிரித்தேன். காலர்ட் கீரையை மணிக்கணக்கில் புகைபோட்ட வான்கோழிக் கழுத்தோடு வேகவிட்டிருந்தார்கள். பச்சை கறுத்து, இலை வெண்ணெயாய்க் குழைந்து, அடியில் ஒரு சாறு நிற்கும். பாட் லிக்கர் என்பார்கள். கவுண்டரில் இருந்த அம்மா எங்களைப் பார்த்தவுடனே முதல்முறை வருகிறவர்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். அந்தச் சாற்றை மட்டும் ஒரு கப்பில் ஊற்றி, சோள ரொட்டியைப் பிட்டு உள்ளே போட்டு, "இப்படிச் சாப்பிடணும் பேபி" என்று கொடுத்தார். மேசையில் வினிகரில் பச்சைமிளகாய் ஊறும் பாட்டில் இருந்தது. கீரைமேல் அதில் நாலு சொட்டு விட்டால், அடடா. இதையா மிச்சம் என்கிறீர்கள்?

உடனே "உடம்புக்குக் கெடுதல் இல்லையா" என்று வருவார்கள். உப்பும் கொழுப்பும் தூக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களின் அன்றாடச் சாப்பாடு கீரை, பயறு, சோளம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு. வறுத்த கோழி ஞாயிற்றுக்கிழமைக்கு. வாரம் தவறாமல் பிரியாணி பார்ட்டி போடுகிறவர்கள் எனக்குக் கொலஸ்ட்ரால் வகுப்பு எடுக்க வேண்டாம். அப்புறம், நியூ ஆர்லியன்ஸ் டூக்கி சேஸ் கடையில் கிடைப்பது கிரியோல் சாப்பாடு (பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்கக் கைப்பக்குவம் கலந்தது), சோல் ஃபுட் இல்லை என்று ஒருவர் இன்பாக்ஸில் பாடம் எடுத்தார். சரி சார்.

என்னை நிஜமாகவே குத்தியது இன்னொரு கேள்வி. "குழந்தையையும் கூட்டிக்கிட்டு அந்த ஏரியாவுக்கெல்லாம் போறது சேஃபா?"

சேஃபா! 1936இல் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் ஒரு கையேடு போட ஆரம்பித்தார். கறுப்பினத்தவர் காரில் வெளியூர் போனால் எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்று சொல்லும் புத்தகம். அது இல்லாமல் தெரியாத ஊருக்குப் போவதே ஆபத்து. வழியில் எந்தக் கடையும் உள்ளே விடாது என்று ஷூ பெட்டியில் வறுத்த கோழியைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் பயந்து பயந்து போன அதே சாலைகளில் ஏசி காரில் போய்வந்த நம்மிடம் கேட்கிறார்கள், சேஃபா என்று.

அலபாமாவின் மான்ட்கமரியில் ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு சமையல்காரி இருந்தார். பேருந்தில் கறுப்பினத்தவரைப் பின்னிருக்கைக்குத் தள்ளியதை எதிர்த்து 1955 டிசம்பரில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியபோது, பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் பழப் பையும் (pie) கோழி சாண்ட்விச்சும் செய்து விற்று, அந்தப் பணத்தைப் போராட்டத்துக்குக் கொடுத்தார். பேருந்துக்குப் பதிலாக ஆட்களை ஏற்றிப்போன கார்களுக்குப் பெட்ரோல் போட அது உதவியது. நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்கு வேலை போனது. வீட்டிலேயே அடுப்பு வைத்தார், மார்ட்டின் லூதர் கிங் அங்கே வந்து சாப்பிட்டார். 381 நாள் ஒரு ஊரே பேருந்து ஏறாமல் இருந்ததற்குப் பின்னால் இந்தச் சமையலும் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் லியா சேஸ், அதே டூக்கி சேஸ் கடை மாடியில் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒன்றாக உட்காரவைத்து கம்போ என்ற கெட்டிக் குழம்பைப் பரிமாறினார். அன்றைய சட்டப்படி அது குற்றம்.

"இதெல்லாம் அவங்க பிரச்சினை, நமக்கென்ன" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அந்தப் போராட்டத்தால் 1964இல் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. அந்த அலையிலேயே 1965இல் குடியேற்றச் சட்டம் மாறியது. அதுவரை இந்தியாவுக்கு ஆண்டு ஒதுக்கீடு வெறும் 100 பேர். நூறு! நம் குரூப்பில் ஒரு பொங்கல் விழாவுக்கே அதைவிட அதிகம் பேர் வருகிறோம். நமக்கென்னவா?

"ஒரு ஜோக்கை இப்படியா பெரிசாக்குவது" என்பார்கள். ஜோக்தானே, ஜாக்சனில் அந்த அம்மா முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள்.

உனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டுக்காரரும் கேட்டார். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி என்றால் குடலும் ரத்தமும்தான். கறி எடுக்கக் காசு இருக்காது. அம்மா குடலை உள்வெளியாகத் திருப்பி, சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி அலசி எடுப்பாள். நகக்கண் வரை மஞ்சளாகியிருக்கும். கல்லூரி விடுதிக்கு ஒருமுறை வறுவல் செய்து தூக்குவாளியில் கொடுத்தனுப்பினாள். "இதெல்லாமா தின்பீங்க?" என்று கேட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, சும்மா ஒரு ஜோக்.

போன பொங்கலுக்குக் குடல் குழம்பு வரிசையில் இரண்டாம் முறை வந்து நின்ற அண்ணன் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. நாம் தின்றால் ஊர் ருசி, அவர்கள் தின்றால் அடிமைகளின் மிச்சம்.

அடுத்து தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் பக்கம் போகிறோம். பெர்த்தாஸ் கிச்சனில் வெண்டைக்காய் சூப் சாப்பிட வேண்டும். காரில் இடம் இருக்கிறது, வருகிறவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். அண்ணனும் வரலாம். வழிக்கு இட்லி பொட்டலம் மட்டும் கட்டிக்கொண்டு வர வேண்டாம். கடைக்காரர்கள் நம்மை உள்ளே விடுவார்கள்.