கெட்டில்பெல் ஸ்விங் தோளுக்கான பயிற்சி அல்ல

கெட்டில்பெல் என்பது கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. அதை ஆட்டித் தூக்கும் ஸ்விங் பயிற்சிக்கு, "நன்றாகக் குந்தி எழுந்து, கையால் குண்டை முகத்துக்கு நேராகத் தூக்குங்கள், தோள் வலுக்கும்" என்று ஒரு பதிவில் சொல்லியிருப்பது தவறு. ஸ்விங் என்பது இடுப்பை மடக்கி நிமிர்த்துவது. முழங்கால் லேசாக மடங்கினால் போதும். பிட்டம் பின்னால் போக வேண்டும், முதுகு வளையக் கூடாது. குண்டு முழங்காலுக்கு மேலேயே, தொடை இடுக்கை ஒட்டிப் பின்னால் போகட்டும். அதற்குக் கீழே இறங்கினால் கீழ்முதுகுதான் சுமையை வாங்கும். பிட்டத்தை இறுக்கிச் சட்டென்று நிமிர்ந்தால் குண்டு தானாக மார்பு உயரத்துக்கு வரும். கை வெறும் கயிறு.

அதே பதிவில் 4 கிலோ குண்டில் தொடங்கச் சொல்வதும் சிக்கல்தான், அதைக் கையாலேயே தூக்கிவிடலாம். ஆரோக்கியமான ஆண்களுக்கு 12–16, பெண்களுக்கு 8–12 கிலோ பொருந்தும். குண்டை எடுப்பதற்கு முன், சுவருக்கு முதுகு காட்டி ஒரு சாண் தள்ளி நின்று, பிட்டத்தால் சுவரைத் தொட்டுப் பழகுங்கள். தோளுக்குத் தண்டால் எடுங்கள்.