கரை மட்டும்தான் மாறுது

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பென்னாகரம் பக்கம். ஏரிக்கரை மதகுச் சுவரில் பெயின்டர் அண்ணன் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக எங்கள் பக்கத்தில் எல்லாக் கட்சிக்கும் சுவர் எழுதுகிறவர்.

"இந்த வாட்டி யாருக்குண்ணா?"

"யாரு முன்பணம் குடுத்தாங்களோ அவங்களுக்குத்தான் தம்பி. சூரியன்னா கதிர் இழுக்கணும், நேரமாகும். எலைன்னா சட்டுனு முடிஞ்சிடும். கீழ எழுதுற வாசகத்துக்கு நான் யாரையும் கேக்குறதே இல்ல. போன வாட்டி எழுதுனதுதான்."

அந்த வாசகம் என்னவென்று தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். காவிரி உபரிநீர்.

வெளியூர் நண்பர்களுக்காக: ஒகேனக்கல் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வெள்ளம் வரும்போது கொஞ்சம் தண்ணீரை மேலே ஏற்றி எங்கள் ஏரி குளங்களில் விடுங்கள் என்கிறோம். அவ்வளவுதான். 2024 ஜூலை கடைசியில் மேட்டூர் 120 அடி நிரம்பி வழிந்தது. ஒகேனக்கல்லில் பாறை எது அருவி எது என்று தெரியாமல் ஆறு ஓடியது. அந்த வாரம் எங்கள் ஏரிக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்ததை நான் போனில் படம் எடுத்தே வைத்திருக்கிறேன். அந்த வருஷம் அக்டோபர் 4ஆம் தேதி இதே கோரிக்கைக்காகப் பாமக மாவட்டம் முழுக்க அரைநாள் கடையடைப்பு நடத்தியது. மதியத்துக்கு மேல் கடை திறந்தது. ஏரி அப்படியேதான் இருந்தது.

இந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்கிற கட்சி ஒன்றுகூடத் தர்மபுரியில் கிடையாது. எனக்குக் கோபமே அதில்தான். ஒருத்தர் வேண்டும் என்று சொல்லி இன்னொருத்தர் வேண்டாம் என்றால் சண்டை வரும், சண்டை வந்தால் யாரையாவது தோற்கடிக்கலாம். எல்லோரும் தலையாட்டுகிற விஷயத்தை வைத்து யாரைத் தோற்கடிப்பது?

பக்கத்துச் சேலத்தைப் பாருங்கள். மேட்டூர் உபரிநீரை 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் சரபங்கா திட்டம், 565 கோடி ரூபாய். 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள், 2021 பிப்ரவரியில் முதல் கட்டத்தைத் திறந்தார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை! கொள்கை, கோட்பாடு எல்லாம் ஒன்றுமில்லை. அப்போதைய முதலமைச்சருக்கு ஊர் எடப்பாடி. எங்கள் மண்ணில் ஒரு முதலமைச்சர் பிறக்காதது எங்கள் குற்றம்தான் போல.

2021இல் நாங்கள் தர்மபுரி மாவட்டத்தின் ஐந்து தொகுதியையும் அதிமுக, பாமக கூட்டணிக்குக் கொடுத்தோம். சென்னையில் ஆட்சி திமுகவுக்குப் போனது. எம்.எல்.ஏ.விடம் கேட்டால் நம்ம ஆட்சி இல்லையே என்பார்கள். எம்.பி.யை 2019இலும் 2024இலும் திமுகவுக்குக் கொடுத்தோம். அங்கே கேட்டால் டெல்லியில் நம்ம ஆட்சி இல்லையே. எந்தப் பக்கம் குத்தினாலும் பதில் ஒன்றாகத்தான் வருகிறது.

இதை வீட்டில் புலம்பினால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். "ரெண்டு கட்சியும் ஒரே மாதிரி இருக்கறதாலதான்டா அரிசி நிக்காம வருது" என்பார். யோசித்தால் அதுவும் உண்மை. 2006இல் ரெண்டு ரூபாய் அரிசி, 2008இல் ஒரு ரூபாய், 2011இல் ஆட்சி மாறியதும் இலவசம். ஒருத்தர் இறக்கிய விலையை அடுத்தவர் ஏற்றத் துணியவில்லை. 2021 தேர்தலில் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 என்று திமுக சொன்ன மறுநாளே 1,500 என்றது அதிமுக, கூடவே எங்கள் அறிக்கை கசிந்துவிட்டது என்றும் குறைப்பட்டுக்கொண்டது. அந்த ஆயிரத்துக்கான விண்ணப்ப முகாமை 2023 ஜூலையில் எங்கள் தொப்பூரில்தான் அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அம்மாவுக்கு மாதாமாதம் வருகிறது, அதை நான் குறை சொல்லப் போவதில்லை. கையில் வாங்கி எண்ணிப் பார்க்கிற விஷயத்தில் இவர்கள் முட்டி மோதிப் போட்டி போடுகிறார்கள். ஏரியை யாரும் கையில் வாங்கி எண்ண முடியாது.

ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்ததே என்று கேட்பீர்கள். வந்தது, நன்றி. ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லில் பழுப்பேறி, சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் தலைமுறை நாங்கள். 2008இல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், 2013இல் ஜெயலலிதா திறந்துவைத்தார். ஜப்பான் கடனுதவியில் நடந்த வேலை, பாதியில் போட்டுவிட்டுப் போக முடியாது. இன்றைக்கும் அது யார் திட்டம் என்று டீக்கடையில் சண்டை நடக்கிறது. உபரிநீர் யார் திட்டம் என்று சண்டை போடவாவது ஒரு குழாய் வேண்டாமா?

மாற்று என்று ஒன்றையும் பார்த்துவிட்டோம். சூரியனோடும் இலையோடும் மாறி மாறி நின்ற பாமகவின் மாம்பழம் 2016இல் தனியாக நின்றது. எங்கள் பென்னாகரத்திலேயே அன்புமணி நின்றார். நானும் மாம்பழத்துக்குத்தான் குத்தினேன், மறைக்க ஒன்றுமில்லை. தமிழ்நாடு முழுக்க ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. அடுத்த தேர்தலிலேயே இலையோடு சேர்ந்துவிட்டார்கள். அன்றைக்கு வந்த வெறுப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

நோட்டாவுக்குப் போட்டுவிடுவேன் என்று ஓசூரில் கூட வேலை செய்யும் கிருஷ்ணகிரி நண்பரிடம் சொன்னேன். "யோவ், எங்க ஊர்ல 2021ல 794 ஓட்டுலதான் ஜெயிச்சாங்க, தெரியும்ல?" என்று கத்தினார். தெரியும். அந்த 794 அந்தப் பக்கம் விழுந்திருந்தால் கிருஷ்ணகிரியில் என்ன மாறியிருக்கும் என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், பதில் வரவில்லை.

ஊரில் ஒரு மாமா இருக்கிறார். மூன்று கட்சி பார்த்தவர், வேட்டி அதே வேட்டிதான், கரை மட்டும் மாறும். மதகுச் சுவர்கிட்டே பெயின்டரை மேய்த்துக்கொண்டு நின்றார். "மாமா, ஏரிக்குக் குழாய் எந்தப் பக்கமா வரும்? அது மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"மேல பேசிட்டுதான் இருக்காங்கோ. நீ ஒரு மனு எழுதிக் குடு தம்பி, தலைவர் கையில சேத்துடறேன்."

"போன தேர்தல்லயே உங்க கையிலதான குடுத்தேன். அப்ப வேற கரை கட்டியிருந்தீங்க."

மாமாவுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

"அப்படியா? அது இருந்தா அதையே ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடு."