எஸ்ஸவீராவுக்கு அரை நாள் எப்படிப் போதும்?

மொராக்கோ போகத் திட்டம் போட்டிருக்கும் நண்பர் ஒருவர் தன் பயண அட்டவணையை அனுப்பி, பார்த்துச் சொல்லுங்கள் என்றார். மொத்தம் ஏழு நாள். மராக்கெஷுக்கு மூன்று, பாலைவனத்துக்கு இரண்டு, காசாபிளாங்காவுக்கு ஒன்று. மிச்சமிருக்கும் ஒரு நாளில் காலையில் மராக்கெஷிலிருந்து வேன் ஏறி, கடலோரத்து ஊரான எஸ்ஸவீரா போய், மதியம் மீன் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலமே திரும்பிவிடுவது. "அங்கே பெரிசா ஒண்ணும் இல்லையாமே, அரை நாள் போதும்னு எல்லாரும் சொல்றாங்க" என்று கீழே ஒரு வரி வேறு. அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போடுகிறேன்.

அந்த "எல்லாரும்" சொல்வதை நான் ஏற்கவில்லை. அரை நாளில் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லைதான். வேனில் போகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். வழியில் ஆர்கன் மரத்தின் மேல் ஆடுகள் நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்துவார்கள். ஆர்கன் பழத்துக்காக ஆடுகள் மரம் ஏறுவது உண்மைதான், ஆனால் ரோட்டோரத்தில் கிளைக்கு ஒன்றாக அசையாமல் நிற்பவை பெரும்பாலும் படத்துக்குக் காசு வாங்குவதற்காக ஏற்றி நிறுத்தப்பட்டவை. அப்புறம் ஆர்கன் எண்ணெய்க் கடை, அப்புறம் சாப்பாடு, ஊருக்குள் நடக்க இரண்டு மணி நேரம். காசெல்லாம் வழியிலேயே செலவாகிவிடும். ஊரை எப்போது பார்ப்பது?

நான் அந்த ஊரைப் பார்த்தது கையில் காசில்லாமல். ஒரு செப்டம்பர் மாதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் ஏடிஎம் என் கார்டை விழுங்கிவிட்டது. வங்கி வாசலில் நின்ற காவலாளி, திங்கட்கிழமை காலையில் பாஸ்போர்ட்டோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். பையில் இருந்தது 85 திர்ஹாம். அறை வாடகை முன்கூட்டியே கட்டியிருந்தேன், காலைச் சாப்பாடும் அதிலேயே சேர்த்தி: ரொட்டி, ஆலிவ், பாதாமும் தேனும் ஆர்கன் எண்ணெயும் சேர்த்து அரைத்த அம்லூ. மற்ற வேளைக்கு ஒரு திர்ஹாமுக்குச் சற்று மேல் விலையுள்ள உருண்டை ரொட்டி, ஒரு கிண்ணம் பிசாரா, அதாவது காய்ந்த மொச்சை போன்ற பயறைக் குழைய வேகவைத்து மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகப் பொடியும் போட்டுத் தரும் கஞ்சி. முதல் நாள் இரவு பயமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை மதியத்துக்குள் பயம் போய்விட்டது.

அந்த ஊரின் அமைப்பே காசில்லாதவனுக்குச் சாதகமானது. 1760களில் சுல்தான் சிதி முகமது பென் அப்துல்லா திட்டம் போட்டுக் கட்டிய ஊர் அது. ஐரோப்பியர்கள் அதை நெடுங்காலம் மொகதோர் என்றே அழைத்தார்கள். தியோடோர் கோர்னு என்ற பிரெஞ்சுப் பொறியாளர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். அதனால் ஃபெஸ் நகரத்தின் பழைய ஊரைப் போலச் சந்துக்குள் சந்தாகப் போய்த் திகைத்து நிற்க வேண்டியதில்லை. பாப் துக்காலா வாசலில் நுழைந்து நேரே நடந்தால் துறைமுகம் வந்துவிடும். குறுக்குத் தெருக்களும் ஏறக்குறைய நேரானவை. வழிகாட்டி தேவையே இல்லை. கோட்டைக்குள் கார் வராது, கரோசா என்று அவர்கள் சொல்லும் தள்ளுவண்டியில்தான் சாமான்கள் போகும் வரும், ஆகவே எந்தப் படியில் வேண்டுமானாலும் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 2001இல் யுனெஸ்கோ இந்தப் பழைய ஊரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் ஜனங்கள் இன்னமும் உள்ளே குடியிருக்கிறார்கள், மாவுத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தெரு அடுப்புக்குப் பிள்ளைகள் போகிறார்கள்.

ஸ்கலா என்று அவர்கள் சொல்லும், கடலைப் பார்த்த பீரங்கி மதில் மேல் நடக்கச் சீட்டு கிடையாது. (துறைமுகத்தில் இருக்கும் இன்னொரு ஸ்கலாவுக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும், நான் போகவில்லை.) வெண்கலப் பீரங்கிகள் வரிசையாகக் கடலைப் பார்த்து நிற்கின்றன, அவற்றில் பல ஸ்பெயினில் வார்த்தவை. அலை பாறையில் மோதித் தெறிக்கும் உப்புத் தண்ணீர் முகத்தில் படும். உள்ளூர்ப் பையன்கள் பீரங்கி மேல் சாய்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார்கள். சூரியன் மறைகிற நேரத்துக்கு அங்கே பாதி ஊர் கூடிவிடும்.

மதிலுக்கு அடியில், முன்பு வெடிமருந்து வைத்திருந்த வளைவுக் கூரை அறைகளில் இப்போது மரவேலைப் பட்டறைகள். தூயா மரம், அவர்கள் அரார் என்கிறார்கள். அடிமரத்தில், வேரை ஒட்டி முண்டுமுண்டாக வளரும் பகுதிக்குத்தான் மதிப்பு. அறுத்தால் உள்ளே சின்னச் சின்னக் கண்கள் போலப் புள்ளிகள் இருக்கும். தெருவுக்குள் நுழையும்போதே கற்பூரமும் மிளகும் கலந்தமாதிரி ஒரு வாசனை வரும். நான் ஒரு பட்டறை வாசலில் நின்றேன். அறுபது வயது இருக்கும் ஒருவர், பெட்டி மூடியில் நூல் அகலத்துக்குப் பள்ளம் தோண்டி, அதில் மஞ்சள் நிற எலுமிச்சை மரச் சிம்பைப் பதித்துக்கொண்டிருந்தார். சிம்பை நகத்தால் நிமிண்டிப் பார்க்கிறார், ஒரு மயிரிழை அதிகம் என்றால் மறுபடி எடுத்துச் சீவுகிறார். இரண்டு ஓரங்கள் சேரும் மூலைக்கு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டார். நானும்தான்.

என்னிடம் காசு இல்லை, வாங்க முடியாது, பார்க்க மட்டும் செய்யலாமா என்று எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் முதலிலேயே கேட்டுவிட்டேன். "மர்ஹபா" (வாருங்கள்) என்று சொல்லி ஒரு முக்காலியைக் காலால் நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. அந்த டீக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய வியாபாரிகள் சீனத்துப் பச்சைத் தேயிலையைக் கொண்டுவந்து இறக்கிய துறைமுகங்களில் மொகதோர் முக்கியமானது. இன்று மொராக்கோ முழுக்கப் புதினா போட்டுக் குடிக்கும் தேயிலை அந்த வகைதான். சஹாராவைத் தாண்டி ஒட்டகக் கூட்டங்கள் கொண்டுவந்த தங்கமும் நெருப்புக்கோழி இறகும் பிசினும் இங்கிருந்துதான் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறின. இதெல்லாம் அந்த வீதிகளில் நடந்ததுதான், தெரிந்துகொள்ள டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, தெருவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும்.

துறைமுகத்துக்கு பாப் அல் மர்ஸா என்ற கல் வாசல் வழியாகப் போக வேண்டும். 1770 வாக்கில் கட்டியது. உள்ளே நீலச் சாயம் பூசிய சிறிய மரப் படகுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும், தலைக்கு மேலே கடற்காக்கைகளின் கூச்சல். ஒரு பக்கம் புதுப் படகு கட்டுகிறார்கள், பெரிய மீனின் முள்ளெலும்பு மாதிரி வெறும் சட்டம் மட்டும் எழும்பி நிற்கிறது. சனிக்கிழமை முழுக் காலையும் நான் அங்கேதான் இருந்தேன். வலை பின்னுகிற ஒருவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியை அடித்து அடித்துக் கிழிசலை மூடுகிறார். கண் ஊசியில் இல்லை, பக்கத்தில் இருப்பவரோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், கை மட்டும் தன் பாட்டுக்கு ஓடுகிறது. மத்தி மீன் கூடை கூடையாக ஏறுகிறது. பூனைகள் அவரவர் இடத்தில் காத்திருக்கின்றன. இதைப் பார்க்க எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டால் நான் நிறையவே கொடுப்பேன்.

பிற்பகலில் ஜூத்தியா என்கிற பழைய சாமான் சந்தைக்குப் போங்கள். அங்கே ஏலம் நடக்கும். ஏலம் விடுகிறவரைத் தல்லால் என்பார்கள். மும்பை தலால் தெருவில் இருக்கும் அதே சொல்தான், அரபியிலிருந்து வந்தது. ஒரு தோளில் பழைய கோட்டு, ஒரு கையில் சுவர்க் கடிகாரம், கடைசியாகக் கேட்ட விலையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் நடக்கிறார். யாராவது ஒரு விரலை லேசாக அசைத்தால் விலை ஏறிவிடும். அந்த விரலைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. வேனில் வந்தவர்கள் யாரையும் நான் அங்கே பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெல்லா பக்கம் போனேன், யூதர்கள் வாழ்ந்த பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊர் மக்கள்தொகையில் மிகப் பெரிய பங்கு அவர்களுடையது. சுல்தானின் வணிகர்கள் என்று அரண்மனையே பட்டம் கொடுத்து வைத்திருந்த குடும்பங்களில் பல யூதக் குடும்பங்கள். இப்போது கிட்டத்தட்ட எல்லோரும் போய்விட்டார்கள், நான் போனபோது பாதி வீடுகள் இடிந்து கிடந்தன, சில வாசல்களின் மேல் கல்லில் செதுக்கிய ஆறுமுனை நட்சத்திரம் மட்டும் இருந்தது. கஸ்பா பகுதியில் பய்த் தாகிரா என்று ஒரு பழைய வீட்டையும் அதற்குள் இருக்கும் யூதத் தொழுகைக் கூடத்தையும் பழுதுபார்த்து 2020 ஜனவரியில் திறந்திருக்கிறார்கள். பெயருக்கு நினைவின் வீடு என்று பொருள். நான் போனபோது சீட்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் இருந்தேன், வெளியே வந்த பிறகு யாரிடமும் பேசத் தோன்றவில்லை.

இசை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்ததுதான் க்னாவா. மூன்று நரம்பு கெம்ப்ரியும் இரும்புச் சிங்கிகளும். 1998 முதல் ஜூன் மாதத்தையொட்டி நடக்கும் க்னாவா விழாவில் மூலாய் ஹசன் சதுக்கத்துப் பெரிய மேடைக் கச்சேரிகளை எல்லோரும் இலவசமாகக் கேட்கலாம். 2019இல் யுனெஸ்கோவும் இந்த இசையைத் தன் பட்டியலில் சேர்த்தது. விழா இல்லாத நாளிலும் சதுக்கத்தில் யாராவது வாசிப்பார்கள். ஆனால் இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: தெருவில் வாசிக்கிறவருக்குக் காசு போட்டுவிட்டு நில்லுங்கள். என் 85 திர்ஹாமில் பத்து அப்படித்தான் போனது. செலவில்லாமல் சுற்றுவது வேறு, உழைக்கிறவனிடம் ஓசி வாங்குவது வேறு. பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு பாதி விலைக்குப் பேரம் பேசுவது, மீன்காரரின் முகத்துக்கு நேரே கேட்காமல் போனை நீட்டுவது, இதெல்லாம் எனக்குக் கோபம் வரவழைக்கும் காரியங்கள். அவர்கள் அங்கே நமக்காக நடிக்கவில்லை, பிழைப்பைப் பார்க்கிறார்கள்.

காற்றைப் பற்றி எல்லோரும் புகார் சொல்வார்கள். பலமாகத்தான் அடிக்கும், வசந்தகாலம் தொடங்கிக் கோடை முழுக்க. கடற்கரையில் துண்டு விரித்துப் படுக்க நினைத்தால் வாயெல்லாம் மணல். நடப்பவர்களுக்கு அது சுகம். விரிகுடாவை ஒட்டித் தெற்கே போனால் மணலில் பாதி புதைந்த புர்ஜ் அல் பாரூத் கோட்டைச் சிதிலம், அதையொட்டி கஸோப் ஆறு கடலில் சேரும் இடம். எதிரே மொகதோர் தீவு. கிறிஸ்துவுக்கு முன் ஏழாம் நூற்றாண்டிலேயே பினீசியர்கள் வந்து போன தீவு, பிறகு ரோமானியர் காலத்து அரசன் இரண்டாம் ஜூபாவின் நாளில் கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுத்த இடம். இப்போது பாதுகாக்கப்பட்ட பகுதி, நினைத்தபடி இறங்க முடியாது. அங்கே எலியனோரா வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. மற்றப் பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரித்தால் இவை கோடை முடிவில்தான் பொரிக்கும், வலசை போகும் சின்னப் பறவைகளைப் பிடித்துக் குஞ்சுக்கு ஊட்டலாம் என்பதால். பிறகு மடகாஸ்கர் வரை பறந்து போய்விடும்.

சனி, ஞாயிறு இரண்டு சாயங்காலமும் இந்த வல்லூறுகளுக்காக ஆற்று முகத்தில் காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் கார்டு கைக்கு வந்தது. முதல் வேலையாகப் பட்டறைக்குப் போய், அவர் சொன்ன விலைக்கு அந்தப் பெட்டியையே வாங்கினேன். சாயங்காலம் மறுபடி கஸோப் பக்கம் நடந்தேன். வெயில் இறங்கி மணல் சிவந்த நேரத்தில் தீவுப் பக்கமிருந்து நாலு, அப்புறம் ஏழு, அப்புறம் எண்ண முடியாமல் வந்தன, நீண்ட ஒல்லியான சிறகுகள், ஆற்றின் மேலே தும்பிகளைக் காலால் பறித்துப் பறந்தபடியே தின்றுகொண்டு. இருட்டும்வரை நின்றேன். அந்த நேரத்துக்கு மராக்கெஷ் போகிற வேன்கள் எல்லாம் கிளம்பி வெகுநேரம் ஆகியிருந்தது.