நீதி இல்லை என்று நீக்கப்பட்ட அந்தப் படக்கதை

உலகக் குடிமைக் கல்விக்கென்று, அதாவது பிற நாட்டு மக்களையும் நம்மவராக எண்ணக் கற்பிப்பதற்கென்று, தொடக்கப் பள்ளி நூலக வேளையில் வாசிக்கத் தேர்ந்தெடுத்த நூல்களின் பட்டியலைப் பற்றி இங்கே பலரும் பேசிவிட்டீர்கள். ஆனாலும், "நீதி எதுவும் இல்லை" என்று காரணம் எழுதி அதிலிருந்து ஒரு படக்கதையை நீக்கியதை என்னால் கடந்துபோக முடியவில்லை. பட்டியலில் உள்ள நூல்களில் கொடிகள், தேசிய உடைகள், தலைநகரங்கள் எல்லாம் இருக்கின்றன; அடுத்த பக்கத்தைப் புரட்ட வைக்கும் கதை ஒன்றுகூட இல்லை.

2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் கல்வி பற்றிய 4.7ஐப் பட்டியலின் முன்னுரையில் காட்டியிருக்கிறார்கள். அது கேட்பவற்றில் அமைதிப் பண்பாடும் பிற பண்பாடுகளை மதிக்கும் மனமும் உண்டு. கொடிகளை மனப்பாடம் செய்வதால் அந்த மனம் வந்துவிடுமா?

நீக்கப்பட்ட அதே நூலை மூன்றாம் வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். புதிய நாட்டுக்கு வந்துசேர்ந்த சிறுமி ஒரு படத்தில் முதுகுப்பையோடு தூங்குவாள்; அதைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்கூட இராது. "ஏன் பையைக் கழற்றவில்லை?" என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண், "மறுபடியும் கிளம்பச் சொன்னால் எடுக்க நேரம் இருக்காதே" என்றாள். அதன்பிறகு அந்தப் படத்தை விட்டு நகர யாருமே விடவில்லை. நீதி இல்லாத புத்தகம் என்று நீங்கள் சொன்னது இதைத்தான்.

எட்டு வயதில் போரையும் அகதி வாழ்வையும் பேசலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கவலைதான். அதனால்தான் வன்முறையைக் காட்டாத, குழந்தையைப் பாதுகாப்பான ஒருவரின் அருகில் கொண்டுபோய் நிறுத்துகிற கதையாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்கிறேன். வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் ஆசிரியர் முழுவதும் படித்திருக்கவும் வேண்டும். பிற நாட்டுக் குழந்தை பரிதாபத்துக்கு உரியவளாக மட்டும் வரும் கதைகளையும் நான் எடுக்க மாட்டேன். அவள் தம்பியோடு சண்டை போட வேண்டும், பல் விழுந்து அழ வேண்டும், நம் பிள்ளைகள் அவளோடு விளையாட ஆசைப்பட வேண்டும். முதலில் நம்மைப் பற்றிப் படிக்கட்டும் என்பவர்களுக்கு: புத்தகம் நம்மைக் காட்டும் கண்ணாடியாகவும் பிறர் வாழ்வைக் காட்டும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை இலக்கிய அறிஞர் ரூடீன் சிம்ஸ் பிஷப் 1990இலேயே எழுதிவிட்டார். இரண்டும் வேண்டும்.

இதைப் பற்றி முன்பு இங்கே நான் எழுதிய கருத்துக்குக் கீழே ஒருவர், "கதை சொல்லிப் பொழுதைக் கழிப்பவர்" என்று எழுதியிருந்தார். அது வலித்தது. நாஜி ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதப் பெண்மணி யெல்லா லெப்மன், போருக்குப் பின் திரும்பி வந்து, ஜெர்மானியக் குழந்தைகளுக்காகப் பல நாடுகளிடம் குழந்தை நூல்களைக் கேட்டுக் கடிதம் எழுதினார். இருமுறை ஜெர்மனியின் படையெடுப்புக்கு ஆளான பெல்ஜியம் முதலில் மறுத்தது; அவர் மீண்டும் எழுதினார், நூல்கள் வந்தன. 1946இல் மியூனிக்கில் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார். பகைவர்களாக இருந்த நாடுகளின் கதைகளையும் படங்களையும் அந்தக் குழந்தைகள் பார்த்தார்கள். அதுவும் பொழுதுபோக்குதானா?

பட்டியல் போட்டவர்கள் அதிலுள்ள ஏதாவது ஒரு நூலை ஒரு வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டட்டும். மறுநாள் அதையே மீண்டும் கேட்கிற குழந்தைகள் எத்தனை பேர் என்று பார்க்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு முன் இதைச் செய்யுமாறும், நீக்கிய நூலையும் அதே வகுப்பில் வாசிக்க எனக்கு அனுமதி தருமாறும் இன்று கடிதம் கொடுத்திருக்கிறேன்.