பஃபே இருந்தது, பருப்பு சாதம் இல்லை

சின்னக் குழந்தையோடு ரிசார்ட்டுக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாடும் சேர்ந்த பேக்கேஜ்தான் நிம்மதி என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதி சரி. ஒன்றரை வயது மகளோடு மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் இரண்டு ராத்திரி தங்கினோம். பஃபேயில் அத்தனை வகை இருந்தும் காரமில்லாமல் அவளுக்கு ஊட்ட ஒன்றுமில்லை. கேட்டால் பருப்பு சாதம் குழைத்துத் தருகிறார்கள்தான், ஆனால் ராத்திரி ஏழரைக்கு மேல். அவள் ஏழுக்கே தூங்கிவிடுவாள்! கஞ்சி மாவு எடுத்துப் போங்கள், அறையில் கெட்டில் இருந்தால் போதும்.

கடலில் இறக்கவே இல்லை, நம்ம வங்கக் கடல் இழுப்பு தெரிந்ததுதானே. ஈர மணலில் குழி தோண்டி, டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அது எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தே ஒரு மணி நேரம் ஓட்டினாள். அப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் மாறி மாறித்தான் போனோம். என் முறை வந்தபோது பாயசம் தீர்ந்திருந்தது.