அறை வெப்பத்துக்குக் கீழே இறங்குமா?

கணினியில் திரவக் குளிர்விப்பான் பொருத்தினால், காரைக்குடியின் மே மாத வெயிலிலும் பிராசஸர் அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் என்று இந்த விவாதத்தில் மேலே அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நம்பிச் சிலர் விலை விசாரிப்பதால் சொல்கிறேன்: அப்படி இருக்காது. குழாயில் ஓடும் திரவம் சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் (விசிறி பொருத்திய உலோகத் தகடுகளின் அடுக்கு) இறக்கிவைக்கிறது. அங்கே அதை வாங்கிக்கொள்வது அறைக் காற்றுதான். பிராசஸர் மேல் விசிறியோடு பொருத்தும் காற்றுக் குளிர்விப்பானிலும் கடைசியில் அதே காற்றுதான். அறை 36 டிகிரி என்றால் இரண்டுமே அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. முற்றத்து மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது உண்மை. அது கசிந்து ஆவியாவதால். மூடிய குழாய்க்குள் அதற்கு வழியில்லை.

நீங்களே பார்க்கலாம். ரேடியேட்டருக்குள் காற்று நுழையும் பக்கத்தில் சாதாரண வெப்பமானி ஒன்றை வையுங்கள். பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையை 10 நிமிடம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருள் காட்டும் பிராசஸர் வெப்பத்தோடு ஒப்பிடுங்கள். வேலையில்லாமல் இருக்கும்போது காட்டும் அளவை நம்ப வேண்டாம். குறைந்த வெப்பத்தில் சில பிராசஸர்களின் உணரிகள் துல்லியமாக இருப்பதில்லை. குழப்பமே அங்கேதான் தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம். காற்று வெளியேறும் பக்கம் கையை நீட்டுங்கள், வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.