இன்று ரொக்கம் நாளை கடன், டாட்ஜர்ஸ் கடையில மட்டும் உல்டா

2026 பொங்கல் அன்னிக்கு ராத்திரி மச்சினன் ஃபோன் பண்ணான். வாழ்த்து சொல்லத்தான் கூப்பிடறான்னு நம்பி எடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

எங்க வீட்ல 15-ம் தேதிதான் பொங்கல். வியாழக்கிழமை, ஆபீஸ் முடிச்சு வந்து குக்கர்ல வச்சோம். பிட்ஸ்பர்க் ஜனவரில வாசல்ல பானை வச்சா பால் பொங்காது, உறையும். ஒரு கைல கிண்ணம், சக்கரைப் பொங்கல், மேல நெய்ல வறுத்த முந்திரி நாலு. அதுல ரெண்டை பொண்ணு எடுத்துட்டா, மிச்சம் ரெண்டை கடைசில சாப்பிடலாம்னு ஓரமா ஒதுக்கி வச்சிருக்கேன். ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டேன். "மாமா!"ன்னான். "சொல்றா, பொங்கலோ பொங்கல்"ன்னேன். "மாமா, டக்கர் எங்களுக்கு!"

கைல் டக்கர்னு ஒரு பேஸ்பால் ஸ்டார், அவரை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டீம் எடுத்துருச்சு. எங்களுக்காம்.

யாருக்குடா எங்களுக்கு? நீ லாஸ் ஏஞ்சலஸ்ல போய் இறங்குனதே 2024-ல. அதுக்கு முன்னாடி வரைக்கும் பேஸ்பால்னா கிரிக்கெட் ஆடத் தெரியாதவன் ஆடறதுன்னு என் முகத்துக்கு நேரா சொன்னவன்தானே நீ? போய் இறங்குன மாசமே ஒரு நீலத் தொப்பி, அடுத்த மாசமே டாட்ஜர்ஸ் ஸ்டார் ஓட்டானியோட ஜெர்சி, இறங்குன வருஷமே டீமுக்கு வேர்ல்ட் சீரிஸ் கப்பு, அடுத்த வருஷம் இன்னொண்ணு. கஷ்டம்னா என்னன்னே தெரியாம வளர்ற பிள்ளை. நான் 2009-ல இந்த ஊருக்கு வந்தேன். அதுக்கு முந்தின வருஷம்தான் ரிங்கு சிங், தினேஷ் படேல்னு ரெண்டு உத்தரப் பிரதேசத்துப் பசங்களை, பேஸ்பாலே ஆடாத ஈட்டி எறியற பசங்களை, எங்க ஊர் டீம் பைரேட்ஸ் சைன் பண்ணியிருந்தாங்க, நம்மாளுங்களுக்கு இடம் குடுத்த டீமாச்சேன்னு ஒரு பாசத்துல நுழைஞ்சேன். நுழைஞ்சப்புறம்தான் தெரிஞ்சது, 1993-லேர்ந்து வரிசையா எல்லா சீசனும் தோத்துக்கிட்டே வர்றாங்கன்னு. அது 2012 வரைக்கும் போச்சு, இருபது வருஷம். அப்புறம் 2013, 14, 15 மூணு வருஷம் ப்ளேஆஃப். அதோட சரி. கடைசியா கப்பு அடிச்சது 1979.

சரி, ஃபோனுக்கு வரேன். "நாலு வருஷம் 240 மில்லியன் டாலர் மாமா"ன்னான். நான் பேசல. "வருஷத்துக்கு 60 மாமா"ன்னான், எனக்கு வகுக்கத் தெரியாதுன்னு நெனச்சுட்டான் போல. அப்பவும் பேசல. அப்பத்தான் கேட்டான், "உங்காளுங்க யாரை எடுத்தாங்க மாமா?"

அந்தக் கேள்வியோட ராகத்தைக் கவனிக்கணும். கல்யாண வீட்ல பெரியத்தை ஒண்ணு வந்து பக்கத்துல உக்காந்து, "பையனுக்கு இன்னும் வேலை எதுவும் அமையலையாக்கும்"னு கேக்கும்ல, அதே ராகம்.

"ஓஹேர்ன்"ன்னேன். "யாரு?" "ரயன் ஓஹேர்ன்." "யாரு மாமா?" "டேய், ஓ... ஹேர்ன்." "ஸ்பெல்லிங் சொல்லுங்க மாமா." ஸ்பெல்லிங் சொன்னேங்க. எழுத்துக் கூட்டி, அப்பாஸ்ட்ரஃபி எங்க வரும்னு உள்பட. லைன்ல இருக்கும்போதே தேடறான், டைப் பண்ற சத்தம் எனக்குக் கேக்குது. கொஞ்ச நேரம் நிசப்தம். "ரெண்டு வருஷம்... 29 மில்லியன்... ஓ, நைஸ் மாமா."

அந்த நைஸ். மொய்க் கவரைப் பிரிச்சு உள்ள 51 ரூபா பாத்துட்டு "நீங்க வந்ததே சந்தோஷம்"னு சொல்வாங்கள்ல, அந்த நைஸ். ஓஹேர்ன் ரெண்டு வருஷம் ஆடி வாங்கறதை டக்கர் அரை சீசன்ல வாங்கிடுவாரு. அதுவும் எங்க டீம் கணக்குல இது பெரிய செலவு, இந்த வருஷம் கையைக் கொஞ்சம் அகட்டியிருக்காங்கன்னு நானே ரெண்டு நாளா ஆபீஸ்ல பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தேன்.

இதுல அவன் கடைசியா சொன்னதுதான் பிரஷரை ஏத்திருச்சு. "எல்லாம் ரூல்படிதான் மாமா பண்றோம்."

பண்றோம்! இவரும் ஒரு ஓனர்!

ஆனா கரெக்ட்தான், ரூல்படிதான். அதுதானேடா வயித்தெரிச்சல். ஓட்டானிக்கு 2023 டிசம்பர்ல 700 மில்லியன்னு எழுதுனாங்க. அதுல 680 மில்லியன் பின்னாடி. பத்து வருஷம் ஆடும்போது வருஷத்துக்கு வெறும் ரெண்டு மில்லியன், ஆடி முடிச்சப்புறம் 2034-லேர்ந்து 2043 வரைக்கும் வருஷத்துக்கு 68. வட்டி கிடையாது. எங்க ஊர் அண்ணாச்சி கடையில 'இன்று ரொக்கம் நாளை கடன்'னு போர்டு தொங்கும், அரைக் கிலோ துவரம்பருப்பு எழுதி வச்சுக்கோங்கன்னா அண்ணாச்சி மூக்குக் கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாப்பாரு. இங்க 680 மில்லியன் டாலரை எழுதி வச்சுக்கோன்னுட்டுப் போறாங்க, லீக் கையைக் கட்டிக்கிட்டு நிக்குது. நிக்கறது மட்டுமா, பின்னாடி குடுக்கற பணத்துக்கு மதிப்பு கம்மிதானேன்னு லக்ஷுரி டாக்ஸ் (சம்பளம் அளவு மீறுனா டீமுக்குப் போடற அபராதம்) கணக்குல வருஷத்துக்கு 70-ன்னு எடுக்காம சுமார் 46-ன்னு எடுத்துக்கறாங்க. கடன் சொன்னதுக்கு டிஸ்கவுண்ட்! அப்படியும் 2024-க்கு அவங்க கட்டுன லக்ஷுரி டாக்ஸ் மட்டும் 103 மில்லியன். அந்த வருஷம் சீசன் ஆரம்பிச்சப்ப எங்க டீமோட மொத்த சம்பள லிஸ்ட்டே அதுக்குக் கீழதான். அவன் கட்டுற அபராதத்துல எங்க வீடே நடக்கும்.

லீக்குல ரூல் மாத்தத் தெரியாதவங்களான்னா, ஐயோ, ரூல் மாத்தறதுல மன்னனுங்க. ஃபீல்டருங்க ஒரே பக்கமா கும்பலா நிக்கற ஷிஃப்ட் கூடாதுன்னாங்க, ஓடிப் போய் மிதிக்கற பேஸை 15 இஞ்ச்லேர்ந்து 18 ஆக்குனாங்க, ஒம்பது இன்னிங்ஸ்ல டை ஆகி பத்தாவது இன்னிங்ஸ் வந்தா யாரும் அடிக்காமலே ரெண்டாவது பேஸ்ல ஒருத்தனைக் கொண்டாந்து நிறுத்தறாங்க, பேயாட்டம். பேஸ்ல ஆள் இல்லன்னா பிட்சர் 15 செகண்டுக்குள்ள பந்து போட்டாகணும், ஒரு செகண்ட் தாண்டுனா அம்பயர் கையைத் தூக்கிருவாரு. பந்து போடறவனுக்கு 15 செகண்ட், சம்பளம் போடறவனுக்கு 20 வருஷம். நல்லாருக்குல்ல?

எங்க பிட்சர் பால் ஸ்கீன்ஸை எடுத்துக்கோங்க. 2025-ல ஈஆர்ஏ, அதாவது ஒம்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா விட்ட ரன், 1.97. சிறந்த பிட்சருக்கான சை யங் அவார்டு, ஓட்டு ஒண்ணு விடாம அவனுக்கே. அப்படிப் போட்டும் 10 ஜெயிச்சு 10 தோத்தான், ஏன்னா இவன் அங்க உயிரைக் குடுத்துப் போட எங்க பேட்ஸ்மேனுங்க ஒரு ரன் அடிக்க நல்ல நேரம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த வருஷம் அவன் சம்பளம் 8,75,000 டாலர். டக்கர் மூணாவது மேட்ச் முடிக்கறதுக்குள்ள அதைச் சம்பாதிச்சிருவாரு. சின்னப் பசங்களுக்குன்னு லீக் வச்சிருக்கற போனஸ் பூல்ல தனியா குடுத்தாங்களே மாமான்னு மச்சினன் சொன்னான், குடுத்தாங்க, தெரியும், இப்ப நான் நியாயம் பேசற மூடுல இல்ல. மூணு வருஷம் டீம் சொல்றதுதான் சம்பளம், அப்புறம் ஆர்பிட்ரேஷன்னு சம்பளப் பஞ்சாயத்து, ஆறு வருஷம் முடிஞ்சாத்தான் ஃப்ரீ ஏஜென்ட், இஷ்டப்பட்ட டீமுக்குப் போகலாம். 2029 சீசனோட அவன் கிளம்பிருவான், அதுக்கு முன்னாடியே வித்துருவாங்க. எங்க போவான்னு கேக்கறீங்களா? எங்க இன்னொரு பிட்சர் க்ளாஸ்நவ் எங்க போனான்? 2018-ல எங்ககிட்டேர்ந்து டாம்பாவுக்குப் போனான், இப்ப டாட்ஜர்ஸ்ல இருக்கான். மாட்டுக்குத் தீவனம் வைக்கறது நாங்க, வெண்ணெய் எடுக்கறது வேற வீட்ல.

பொங்கலுக்கும் எனக்குமே ராசியில்ல. 2018-ல ஜனவரி 13, போகி, எங்க பிட்சர் கெரிட் கோலை ஹூஸ்டனுக்கு அனுப்பிட்டாங்க. பழையன கழிதல்னாலும் 27 வயசுப் பையனையா கழிப்பாங்க? அடுத்த வருஷமே யாங்கீஸ் அவருக்கு 324 மில்லியன் குடுத்தாங்க. ஒரு நாள் விட்டு 15-ம் தேதி, மாட்டுப் பொங்கல், எங்க ஸ்டார் மெக்கச்சனை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஓட்டிட்டாங்க, கொம்புக்குப் பெயின்ட் அடிச்சு மாலை போடாத குறைதான். அவரோட 22-ம் நம்பர் ஜெர்சி இன்னும் வச்சிருக்கேன், முதுகுல ஒரு எழுத்து உரிஞ்சு தொங்குது, தைக்க மனசு வரல.

ஐபிஎல்லைப் பாருங்கன்னா இங்க ஆபீஸ்ல சிரிக்கறானுங்க. பத்து டீம், 2024 மெகா ஏலத்துல எல்லாருக்கும் ஒரே 120 கோடி பர்ஸ், அதுக்குள்ள நீ பன்ட்டுக்கு 27 கோடி குடு, யார் வேணாங்கறா, மிச்சத்துல குடும்பம் நடத்து. இங்க டீம் சம்பளத்துக்கு உச்சவரம்பும் இல்ல, குறைஞ்சது இவ்ளோ செலவு பண்ணுன்னும் இல்ல. பலருக்கு உச்சவரம்புதான் கண்ணுல படுது, எனக்கு அந்த ரெண்டாவதுதான் எரியுது. டாட்ஜர்ஸாவது வாங்கற காசை டீம்ல போடறான். எங்க ஓனர் டிக்கெட் ரின்யூவலுக்கு ஈமெயில் மட்டும் டயத்துக்கு அனுப்பறாரு. 2026 டிசம்பர் 1-ம் தேதியோட ஓனருங்களுக்கும் ஆட்டக்காரங்க யூனியனுக்கும் இருக்கற ஒப்பந்தம் முடியுது, உச்சவரம்புன்னு ஓனருங்க ஆரம்பிச்சா யூனியன் ஒத்துக்காது, போன தடவை ஓனருங்க 99 நாள் லீக்கைப் பூட்டிட்டாங்க, 1994-ல ஸ்ட்ரைக்னால வேர்ல்ட் சீரிஸே நடக்கல. பூட்டிட்டா எங்க டீம் அந்த வருஷம் தோக்காதுன்னு ஒரு ஆறுதல்.

ஃபோனை வச்சுட்டுக் கிண்ணத்தைப் பாத்தா அந்த ரெண்டு முந்திரியும் இல்ல. "ஏம்மா எடுத்தே?"ன்னா, "நீ பேசிட்டே இருந்தியேப்பா, அப்புறம் தரேன்"ங்கறா. 2034-லேர்ந்தாம்மா?

எனக்கே சிரிப்பு வந்துருச்சு. சரி, போய்த் தொலையுதுன்னு காலைல ஆபீஸுக்குக் கிளம்பி வெளிய வரேன். முதல் நாள் நாப்பது நிமிஷம் பனி வாரி, இடுப்பு ஒடிஞ்சு, காருக்கு இடம் பண்ணி, காரை ராத்திரி பால் வாங்க எடுத்துட்டுப் போனப்ப ஊர் வழக்கப்படி ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுட்டுத்தான் போனேன். இந்த ஊர்ல ரோட்டுல நாற்காலி போட்டிருந்தா அது கோயில் மாதிரி, யாரும் தொட மாட்டாங்க. திரும்பி வந்தப்ப எவனோ என் இடத்துல அவன் வண்டியை விட்டிருந்தான், நானும் ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு வந்து படுத்துட்டேன். காலைல பாக்கறேன், வண்டி அங்கேயே நிக்குது, என் நாற்காலியை மடக்கி ஒழுங்கா என் வாசப்படில சாத்தி வச்சிருக்கான். நம்பர் ப்ளேட் வேற கலிஃபோர்னியா.